அங்கேயும் தமிழர்கள்தானே, நான் மட்டும் ஏன் வெளியாள்?

கேள்வி: நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் சேலத்திலிருந்து மலைக்கு ஏறிய குடும்பம். அப்பா காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு சேலம் அழகாபுரத்தில் இருந்தோம். கணவருக்கு மொரீஷியஸில் எபென் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, ஒரு வருஷத்துக்கு மேலாகக் காத்ர் போர்ன் ஊரில் குடியிருக்கிறோம். ஏழு வயதில் ஒரு பையன். இங்கே தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், முருகன் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையே உண்டு என்று கேள்விப்பட்டு, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போவது போல ஆசையாக வந்தேன். வந்து பார்த்தால் யாருக்கும் தமிழ் பேச வரவில்லை. எல்லோரும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். எதிர்வீட்டு அம்மா தமிழ்க் குடும்பம். ஆரம்பத்தில் அன்பாக இருந்தார், கோயிலுக்கும் கூட்டிப் போனார். தைப்பூச விரதத்தின்போது ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு முருகன் பாட்டு பாடினார். பழனி என்பதை ‘பலனி’ என்று பாடியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் சரியாக எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்டருகே பார்த்தால் தலையை ஆட்டுவார், நின்று பேசுவதில்லை. நீங்கள் இந்துவா தமிழா என்று ஒருவர் கேட்டார். இது என்ன கேள்வி என்றே புரியவில்லை. பையன் தமிழில் கேட்டால் கிரியோலில் பதில் சொல்கிறான். இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரு வாட்ஸாப் குழுவாக இருக்கிறார்கள், அங்கே இந்த ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்வதுதான் பொழுதுபோக்கு. ‘இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம், பொறுத்துக்கொள்’ என்கிறார் கணவர். மத்தியானம் ஆனால் அழுகை வருகிறது. ஏற்காட்டில் எல்லாரோடும் பழகிய நான் இங்கே ஏன் இப்படி ஆனேன்? கடைசியாக ஒன்று: அம்மா கறிவேப்பிலைக் கன்றும் மிளகுக் கொடியும் அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்’ என்ற வரியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். உங்கள் எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். தன்னோடு கூட்டிப்போன பெண், தன் கோயிலில், தன் ஜனங்களுக்கு நடுவில், விரத நாளில், தான் பாடும்போது சிரித்துவிட்டுத் திருத்தினாள். விருந்துக்குப் போன வீட்டில் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் சொன்ன உச்சரிப்பு சரியாகவே இருந்தது, அதனால்தான் அவருக்கு இன்னும் அதிகமாக வலித்திருக்கும். தப்பாகத் திருத்தியிருந்தால் அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

சொந்தக்காரர்கள் ஊருக்குப் போவது போலப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நினைப்புதான் உங்களைப் படுத்துகிறது. ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ போயிருந்தால் முதல் நாளிலிருந்தே கவனமாக இருந்திருப்பீர்கள். செருப்பை எங்கே கழற்றுவது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று பார்த்துப் பார்த்து நடந்திருப்பீர்கள். இங்கே முருகனையும் வேலையும் பார்த்ததும் எல்லாம் தெரிந்த இடம் என்று தோன்றிவிட்டது. அங்கே வேலை பார்த்துவிட்டுச் சேலம் திரும்பிய சிலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களிலும் அதிகம் அடிபட்டது தமிழ்க் குடும்பங்கள்தான். வடநாட்டிலிருந்து போனவர்களுக்குத் தமிழ்க் கோயிலில் எதிர்பார்ப்பே இல்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். இது தெரிந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும். மொரீஷியஸ் 1715 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1730களில் போர்ட் லூயி நகரத்தைக் கட்டி எழுப்பியபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் போனார்கள். நம் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி வந்தது 1820களில், காக்பர்ன் கலெக்டர் காலத்தில். ஆக, உங்கள் அப்பா கணக்கெழுதியது போன்ற எஸ்டேட்டுகள் உருவாவதற்குத் தொண்ணூறு வருஷம் முன்பே அங்கே தமிழர்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனால் பிரெஞ்சு மொழியும் சட்டமும் வழக்கங்களும் தொடரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆட்சி ஆங்கிலத்தில் நடக்க, பத்திரிகை பிரெஞ்சில் வருவது அதனால்தான். பிறகு 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் பீகார் பக்கத்தவர்கள், சென்னை வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் உண்டு. அவர்கள் இறங்கிய துறைமுகப் படிக்கட்டு, ஆப்ரவாசி காட், 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஒருமுறை பையனோடு போய்ப் பாருங்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், பீகார் பக்கத்துப் போஜ்புரி பேசுகிறவர்களும், தமிழர்களும், சீனர்களும் ஒரே மண்ணில் வேலை செய்யும்போது ஒருவருக்கொருவர் பேச ஒரு மொழி வேண்டும். அப்படி எல்லாருக்கும் பொதுவாக நின்றது கிரியோல். ஏழெட்டுத் தலைமுறைகள் அப்படிக் கழிந்த பிறகும் ஒரு குடும்பம் வருஷா வருஷம் பத்து நாள் விரதம் இருக்கிறது, இளஞ்சிவப்பு உடை உடுத்துகிறது, பாற்குடம் எடுக்கிறது, காவடி தூக்குகிறது, புரியாத வரிகளை ரோமன் எழுத்தில் படித்தாவது பாடுகிறது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பிடிவாதம் இருக்கும்? சேலத்தில் இருந்துகொண்டே பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாத வீடுகளை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

‘நீங்கள் இந்துவா, தமிழா?’ என்ற கேள்விக்கு வருகிறேன். அங்கே பேச்சு வழக்கில் இந்து என்றால் போஜ்புரி, இந்தி வழியில் வந்தவர்கள். தமிழர், தெலுங்கர், மராத்தியர் தனித்தனி. அவரவர்க்குத் தனிக் கோயில், தனிச் சங்கம். விடுமுறையும் அப்படித்தான்: தமிழர்களுக்குத் தைப்பூசக் காவடி, தெலுங்கர்களுக்கு உகாதி, மராத்தியர்களுக்கு விநாயகர் சதுர்த்தி, இந்திக்காரர்களுக்கு மகா சிவராத்திரி. இது ஏதோ மதக் குழப்பம் என்று நினைக்காதீர்கள், எந்த வீட்டுப் பிள்ளை நீங்கள் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். ‘தமிழ்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். ‘தமிழர்களும் இந்துக்கள்தானே’ என்று விளக்க உட்காராதீர்கள். அரசியல் சட்டக் கணக்கில் தமிழர்களுக்குத் தனி இடமே இல்லை. இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் என்று நான்கே பிரிவுகள். தேர்தலில் சமூகச் சமநிலைக்காக ஒதுக்கும் எட்டு இடங்கள் வரை அந்தக் கணக்கில்தான் போகின்றன. எண்ணிக்கையில் சிறிய கூட்டம் பெரிய தலைப்புக்குள் கரைந்துவிடுவோமோ என்று பயப்படுவது இயல்பு. உங்கள் கைப்பையில் இருக்கும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கு அப்புறம்தான் இந்தி. 1998இல் புதிதாக அச்சிட்ட நோட்டுகளில் அந்த வரிசை மாறி இந்தி மேலே வந்துவிட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அச்சிட்டார்கள். தமிழ் பேச வராத ஜனங்கள் தமிழ் எழுத்தின் இடத்துக்காகப் போராடியிருக்கிறார்கள். அந்த அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ‘உனக்குத் தமிழ் வராது’ என்பது அவர்களுக்கு எங்கே போய்த் தைக்கும் என்று இப்போது புரிந்திருக்கும்.

‘ஏற்காட்டில் எல்லாரோடும் பழகியவள் நான்’ என்றீர்கள். நியாயம்தான். ஆனால் எப்படிப் பழகினீர்கள் என்று யோசியுங்கள். மலையாளி மக்கள் (மற்ற ஊர் வாசகர்களுக்காக: கேரளத்துக்காரர்கள் இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர்), எஸ்டேட் முதலாளிகள், கான்வென்ட் சிஸ்டர்கள், சமவெளியிலிருந்து வந்த கடைக்காரர்கள் என்று அதுவும் கலப்பு ஊர்தான். உங்கள் தாத்தா அங்கே வெளியாளாகத்தான் ஏறினார். கணக்குப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை சம்பளப் புத்தகத்தால் மட்டும் வந்திருக்காது. எந்த ஊரில் சாவு என்றாலும் போய் நின்றிருப்பார். சேர்வராயன் கோயில் மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும்போது, அந்தக் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டு வந்திருப்பார். ‘இது ஆகமப்படி இல்லையே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? இப்போது சனி, ஞாயிறு கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அப்படி ஏதாவது சொன்னால் உங்களுக்கே சுருக்கென்று இருக்கும். மலையில் உங்கள் குடும்பம் பழகியது மூன்று தலைமுறைப் பழக்கம். தீவில் ஒரே வருஷத்தில் அது வர வேண்டும் என்கிறீர்கள்.

சரி, எதிர்வீட்டு அம்மாவிடம் என்ன செய்வது?

போய்ப் பாருங்கள். தனியாகப் போங்கள். பையனை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள், பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பதைக் குழந்தை மொழிபெயர்ப்பது இருவருக்குமே சங்கடம். பட்டுப்புடவை, வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்று பெரிதாக எதையும் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். பெரிய பரிசு கொடுத்தால் பதிலுக்கு அவரும் ஏதாவது செய்தாக வேண்டும், அதுவே ஒரு பாரம். வெறுங்கையாகப் போனாலும் சரி, நீங்கள் சுட்ட தட்டுவடை நாலு ஒரு டப்பாவில் இருந்தாலும் சரி. ‘எக்ஸ்கிஸ் ம்வா, தாந்தின்’ என்று கிரியோலில் சொல்லுங்கள். மன்னித்துவிடுங்கள் அத்தை என்று அர்த்தம், அங்கே வயதில் மூத்த பெண்களைத் தாந்தின் என்றுதான் கூப்பிடுவார்கள். கோயிலில் சிரித்தது தப்பு என்று ஒரு வரி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நல்லதுக்குத்தான் சொன்னேன்’ என்று பின்னால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்த ஒட்டு சேர்ந்தால் முன்னால் சொன்னது மன்னிப்பாக இராது, மறுபடி திருத்தமாகிவிடும்.

அப்புறம் ஒரு உதவி கேளுங்கள். இதுதான் முக்கியம். கொடுக்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் யாரும் நெருங்க மாட்டார்கள், கேட்கிறவருக்குத்தான் கதவு திறக்கும். அந்த அம்மாவிடம் கேட்க நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே கோயில் விசேஷங்களில் வாழை இலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். ‘செத் காரி’ என்பார்கள். வாழைக்காய், பலாக்காய், பூசணி, கத்தரிக்காய், பெரிய அவரை, ரசம், பச்சடி என்று இலை நிறைந்திருக்கும். நம் இலைச் சாப்பாடு போலத்தான் தெரியும், ஆனால் வாயில் வைத்தால் வேறு சுவை. மஞ்சள் தூக்கலாக இருக்கும், பலாக்காயின் பதம் வேறு. ‘இதை எனக்குச் சொல்லித் தாருங்கள்’ என்று கேளுங்கள். சொல்லித் தரும்போது ‘நாங்கள் இதில் தேங்காய் அரைத்துவிடுவோம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். சேலத்துச் சமையலை அந்த அடுப்படியில் நினைக்கவே வேண்டாம். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் அங்கே பெரிதாக இருக்கும். அதற்கு முந்தின நாள் கோயிலில் காய் நறுக்க ஆள் தேவைப்படும். உங்களுக்கு வேண்டிய இடம் அது. கூடைப் பூசணியை முன்னால் வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவில், பாஷை பாதிதான் புரியும், ஆனால் கை வேலை செய்துகொண்டிருக்கும். துண்டு பெரிதாகப் போனால் யாராவது உங்கள் கையைத் தட்டித் திருத்துவார்கள். திருத்தட்டும், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளுங்கள். மேடைக்குப் பக்கத்தில் இடம் தேடாமல் பாத்திரம் கழுவும் இடத்தில் மூன்று விசேஷங்களுக்கு இருந்துவிட்டால் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்வார்கள்.

தமிழ் சொல்லித் தருகிறேன் என்று நீங்களாகப் போய் நிற்காதீர்கள். ஒரு நாள் அவர்களே கேட்பார்கள். அப்போது அந்தப் பாட்டை மெதுவாகப் பாடி போனில் பதிவு செய்து கொடுங்கள், தனியாக, கூட்டத்தில் இல்லாமல். கேட்கவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பலனி என்று பாடினாலும் முருகனுக்குத் தெரியும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

நீங்கள் இதுவரை கிரியோல் கற்றுக்கொள்ளவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. எழுதாத விஷயம்தான், ஆனாலும் தெரிகிறது. ஆங்கிலம் போதும் என்று கணவர் சொல்லியிருப்பார், அலுவலகத்துக்குப் போதும்தான். காத்ர் போர்ன் சந்தைக்குப் போதாது. அந்தச் சந்தைதான் உங்களுக்கு முதல் பள்ளிக்கூடம், ஏனென்றால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்: கறிவேப்பிலை அங்கே ‘கரிபுலே’, கொத்தமல்லி ‘கொத்தோமிலி’, முருங்கைக்கீரை ‘ப்ரேத் முரும்’. ஒரே காய்க்காரரிடம் வாராவாரம் வாங்குங்கள். விலை நாலு ரூபாய் கூட இருந்தாலும் பரவாயில்லை, கடையை மாற்றாதீர்கள். ‘கி மான்யேர்?’ என்றால் எப்படி இருக்கிறீர்கள். ‘கொரெக்’ என்றால் நன்றாக இருக்கிறேன். போகும்போது ‘சலாம்’. எந்த மதத்தவரும் விடைபெறும்போது சொல்வது அது. தப்பாகப் பேசுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரிப்பார். சிரிக்கும்போது எதிர்வீட்டு அம்மா உங்களுக்கு நினைவுக்கு வருவார், வரட்டும்.

தெருவைப் பற்றியும் ஒன்று. தீபாவளிக்கு இந்தியக் குடும்பங்களுக்கு மட்டும் பலகாரம் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே தீபாவளிப் பலகாரம் தெரு முழுவதும் போகும். கிறிஸ்தவ வீட்டுக்கு, முஸ்லிம் வீட்டுக்கு, சீனர் கடைக்கு, எல்லாருக்கும். ரம்ஜானுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரியாணி வரும், சீனப் புத்தாண்டுக்கு மெழுகுக் கேக் வரும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அது மறதியாகத் தெரியாது. நீங்கள் சைவம் என்றால் வாங்கும்போதே அன்பாகச் சொல்லிவிடுங்கள், அடுத்த முறை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். அந்தத் தீவில் இது சகஜமான விஷயம். செப்டம்பர் 8ஆம் தேதி இரவில் ஜனங்கள் சாந்த்க்ருவாவில் பாதிரியார் லவால் கல்லறைக்குக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள், கத்தோலிக்கர்கள் மட்டும் இல்லை. மகா சிவராத்திரிக்குக் கங்கை தலாவ் ஏரிக்குக் காவடி போல அலங்கரித்த தேர்களைத் தூக்கிக்கொண்டு பல நாள் நடப்பார்கள், வழியெல்லாம் பந்தல் போட்டு ஜூஸும் சாப்பாடும் கொடுப்பார்கள். அந்தப் பந்தல் ஒன்றில் டம்ளர் நீட்டுகிற வேலைக்கு நின்று பாருங்கள். மொழியே வேண்டாம்.

ஆனால் இந்தச் சமாதானம் எல்லாம் தானாக ஊறி வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1999இல், ஆப்பிரிக்க வழியில் வந்த கிரியோல் சமூகத்துப் பாடகர் கயா போலீஸ் காவலில் இறந்தபோது தீவு முழுக்கக் கலவரம் வெடித்தது. அந்த நினைவு இருக்கிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அதனால்தான் வெளியில் அவ்வளவு மரியாதை, உள்ளே அவ்வளவு எச்சரிக்கை. ஒரு சமூகத்தவர் இன்னொரு சமூகத்தைப் பற்றி உங்களிடம் முணுமுணுப்பார்கள், வெளியாளிடம் சொல்வது சுலபம். கேட்டுக்கொள்ளுங்கள், தலையாட்டாதீர்கள். மலபார், லாஸ்கார், நாஸ்யோன் என்று பட்டப்பெயர்கள் காதில் விழும். அவர்கள் தங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. உங்கள் வாயில் அது வரக்கூடாது, பையன் வாயிலும் வரக்கூடாது.

வாட்ஸாப் குழுவை விட்டு வெளியேறச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்தால் இரவு பத்து மணிக்குக் காரெடுத்து வர அவர்கள் வேண்டும். ஆனால் உள்ளூர்க்காரர்களைக் கிண்டல் செய்யும் பேச்சில் ஒரு சுகம் இருக்கிறது, கவனியுங்கள். உங்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற வலியை, அவர்கள் சேரத் தகுந்தவர்கள் இல்லை என்று மாற்றிக்கொடுக்கிறது அது. அன்று சாயங்காலம் இதமாக இருக்கும், அடுத்த நாள் எதிர்வீட்டுக் கேட்டைப் பார்க்கும்போது முகம் இன்னும் இறுகும். அந்தக் குழுவோடு சனிக்கிழமை சாப்பிடுங்கள், பேச்சு அந்தப் பக்கம் போனால் எழுந்து போய்க் காபி போடுங்கள்.

பையன் கிரியோலில் பதில் சொல்வது எனக்குக் கவலையே தரவில்லை. வகுப்பில் தனியாக நிற்காமல் இருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது, நீங்கள் ஒரு வருஷமாகச் செய்யாததை அவன் செய்துவிட்டான். ‘தமிழில் சொல்’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தாதீர்கள். நீங்கள் தமிழிலேயே பேசிக்கொண்டிருங்கள், பதில் எதில் வந்தாலும் சரி. அவனிடம் நீங்கள் கிரியோல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை வரும், அந்தப் பெருமையோடு தமிழும் பின்னால் வரும். அங்கே தொடக்கப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக உண்டு. அவன் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எதிர்வீட்டுப் பேரப்பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்காரட்டும். ஏற்காட்டுப் பாட்டியோடு பேசுவதற்கு ஒரு நேரம் வையுங்கள். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே ஏழு, அவனும் தூங்கியிருக்க மாட்டான், பாட்டியும் தூங்கியிருக்க மாட்டார். பாட்டிக்குக் கிரியோல் தெரியாது, அங்கே தமிழ் தானாக வரும்.

கணவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ‘பொறுத்துக்கொள்’ என்பது தப்பான வார்த்தை என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். இரண்டு வருஷமோ ஐந்து வருஷமோ, பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாழ்கிற வீட்டில் யாரும் சந்தோஷமாக இருந்ததில்லை. எதிர்வீட்டுக்கும் அது தெரியும். சீக்கிரம் போகப்போகிறவர்களிடம் மனசைக் கொடுக்க அவர்களுக்கும் தயக்கம் இருக்கும்.

மத்தியான அழுகையை இதோடெல்லாம் கலந்துவிடாமல் தனியாகப் பாருங்கள். புது ஊரில் ஏக்கத்தில் அழுவது ஒன்று. பையனைப் பள்ளியில் விட்டு வந்தபின் எழவே மனமில்லாமல் படுத்திருப்பது, தூக்கம் கெடுவது, பிடித்த சாப்பாடும் பிடிக்காமல் போவது, எதிலும் ஆர்வம் இல்லாமல் இருப்பது, இவையெல்லாம் சேர்ந்து பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு. அதற்குக் கிரியோலும் ஏழு கறியும் மருந்து ஆகாது. அங்கேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள், ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்பது போல ஓர் எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அடுத்த கடிதத்தில் தூக்கமும் பசியும் எப்படி இருக்கின்றன என்று தனியாக எழுதுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் அந்தத் தெருவில் பிறந்தவர் போல நீங்கள் ஆக மாட்டீர்கள். காவடி நாளில் உங்களை முன்வரிசையில் நிறுத்த மாட்டார்கள், குடும்பப் பேச்சில் சில இடங்களில் நீங்கள் நுழைந்தால் பேச்சு மாறும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்வீட்டு அம்மா கேட்டருகே நின்று ஐந்து நிமிஷம் பேசினால், காய்க்காரர் நீங்கள் வராத வாரத்தில் எங்கே போனீர்கள் என்று கேட்டால், அது போதும், நன்றாக வாழலாம்.

கடைசியாக, அம்மா அனுப்புகிறேன் என்ற கன்றும் கொடியும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து செடி, விதை, வேர் எதைக் கொண்டுபோனாலும் அந்தத் தீவில் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். ஒரு சின்னத் தீவில் வெளியிலிருந்து ஒரு பூச்சியோ நோயோ நுழைந்தால் அதன் பயிர்கள் தாங்காது, அவர்கள் கண்டிப்பு நியாயமானது. கறிவேப்பிலைக் கன்று எதிர்வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள். அம்மாவிடம் ஏற்காட்டு மிளகும், வறுத்து அரைத்த காபித்தூளும் கேளுங்கள். அவற்றையும் என்னென்ன அனுமதி என்று விசாரித்துக்கொண்டு, கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பாக்கெட்டாக அனுப்பச் சொன்னால் நல்லது.